ஜெபம் வராத நாட்களில் சங்கீதம் 13

கேள்வி: என் கணவர் இறந்து ஐந்து மாதமாகிறது. முழங்கால் போட்டால் அழுகைதான் வருகிறது, ஜெபம் வருவதில்லை. அவர் பென்சிலால் கோடு போட்டு வாசித்த வேதாகமத்தைத் தொடவே பயமாக இருக்கிறது. சபையிலோ, “அழுவது அவிசுவாசம், துதித்துக்கொண்டே இரு” என்கிறார்கள். என் விசுவாசம் போய்விட்டதா?

பதில்: அன்புச் சகோதரி, போகவில்லை. 150 சங்கீதங்களில் வேறெந்த வகையையும்விடப் புலம்பல்களே அதிகம். 88-ஆம் சங்கீதம் கடைசி வசனம்வரை விடியாமலே முடிகிறது. அதையும் வேதம் என்றுதான் சபை காத்து வைத்திருக்கிறது.

நீங்கள் 13-ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள். ஆறே வசனம். இரவு படுக்குமுன் வாய்விட்டு வாசியுங்கள். முதல் இரண்டு வசனங்களில் தாவீது நான்கு முறை “எதுவரைக்கும்” என்று கேட்கிறார். அங்கே நிறுத்தி, உங்கள் “எதுவரைக்கும்” எதுவோ அதைச் சொல்லுங்கள்: “எதுவரைக்கும் இரண்டு டம்ளர் காபி போட்டுவிட்டு ஒன்றைக் கொட்டுவேன்?” இப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. 3, 4 வசனங்கள் விண்ணப்பம். அங்கே நாளைக்குத் தேவையான ஒன்றை மட்டும் கேளுங்கள். 5, 6 வசனங்கள் நம்பிக்கை. நாக்கு வராவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், குற்றமில்லை. நேரே ஐந்தாம் வசனத்துக்குத் தாவச் சொல்வதுதான் பலர் செய்யும் தவறு. சொல்லாத துக்கம் உள்ளேயே தங்கி, தேவன்மேல் கசப்பாக மாறிவிடக்கூடும்.

ஐந்து நிமிடம் போதும். விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு மணி நேரம் ஜெபிப்பேன் என்று பொருத்தனை செய்யாதீர்கள். மூன்றாம் நாள் எழ முடியாமல் போனால் துக்கத்தோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். வார்த்தையே வராத இரவில் சும்மா உட்கார்ந்திருங்கள். “வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு” ஆவியானவர் வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது.

இப்போது உபவாசம் வேண்டாம். சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டுப் படுத்த எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் கிடைத்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். அதுவும் இரண்டு முறை, நடுவில் தூக்கம். “இங்கே உனக்கு என்ன காரியம்” என்ற கேள்வி ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் வந்தது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரை எடுப்பவராக இருந்தால் யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். தொடர்ந்து தூக்கம் இல்லாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். செத்தால் தேவலை என்று தோன்றினால் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, 14416-க்கு அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது, எந்நேரமும் பேசலாம்.

துக்கத்தில் இருந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்த வரையில் சரியாகத்தான் செய்தார்கள். வாய் திறந்த பிறகுதான் காயப்படுத்தினார்கள். சபையில் அப்படிப் பேசாமல் உட்காரக்கூடிய ஒரு தோழியை வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஞாயிறு ஆராதனையில் பாட முடியாவிட்டால் பரவாயில்லை, மற்றவர்கள் பாடட்டும். நீங்கள் அவர்கள் நடுவில் இருந்தால் போதும்.

அவருடைய வேதாகமம் இப்போதைக்கு அலமாரியிலேயே இருக்கட்டும். உங்களுக்கென்று வேறொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அவர் கோடு போட்ட பக்கங்களைப் பார்க்கவேண்டும் என்று உங்களுக்கே தோன்றும் நாளில், பிள்ளைகளில் ஒருவரையோ அந்தத் தோழியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு திறங்கள்.