எவாபரேட்டர் அழுத்தம் சொன்ன இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறதா?

கேள்வி: எங்கள் கல்லூரி லேபில் ஆர்134ஏ என்ற குளிரூட்டி போட்ட ஏசி டெஸ்ட் ரிக் இருக்கிறது. எவாபரேட்டர் (குளிரூட்டி ஆவியாகும் காயில்) அழுத்தத்தை 2.5 பாரில் நிறுத்தப் பார்க்கிறோம். எக்ஸ்பான்ஷன் வால்வின் ஸ்குருவை எவ்வளவு திருகினாலும் சற்று நேரத்தில் வேறெங்கோ போய்விடுகிறது.

முதலில் ஸ்குருவிலிருந்து கையை எடுங்கள். இந்தத் தெர்மோஸ்டாட்டிக் வால்வு பார்ப்பது சூப்பர்ஹீட்டை, அதாவது ஆவி தன் கொதிநிலையைவிட எத்தனை டிகிரி கூடுதல் சூடாக வெளியேறுகிறது என்பதை மட்டும்தான். காற்று கொடுக்கிற வெப்பத்தில் காயிலுக்குள் திரவம் ஆவியாகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரசர் இழுக்கிறது. கிணறும் மோட்டாரும் மாதிரிதான். ஊறுவதைவிட வேகமாக இறைத்தால் மட்டம் இறங்கும், மோட்டாரைக் குறைத்தால் ஏறும். இரண்டும் சமமாகிற இடம்தான் உங்கள் அழுத்தம்.

அதனால் பிடிக்க வேண்டியது ஊற்றை அல்லது மோட்டாரை. ஃபேன் வேகத்தை ஒரே நிலையில் வையுங்கள். டக்ட் ஹீட்டரை வேரியாக் (மின்னழுத்தத்தை மாற்றும் கருவி) மூலம் கூட்டிக் குறைத்து, காயிலுக்குள் நுழையும் காற்றின் வெப்பநிலையை நிலைப்படுத்துங்கள். மிச்சத்தைக் கம்ப்ரசர் வேகம் பார்த்துக்கொள்ளும். கம்ப்ரசர் த்ரீ ஃபேஸாக இருந்தால் விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) போடலாம். ஆனால் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே நெடுநேரம் ஓட்டாதீர்கள், ஆயில் திரும்பி வராது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு கால் மணி நேரமாவது பொறுத்து ரீடிங் எடுங்கள். மாணவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இதில்தான்.

கேள்வி: எங்களுடையது சிங்கிள் ஃபேஸ் கம்ப்ரசர். வேறு வழி உண்டா?

கெப்பாசிட்டர் வைத்த மோட்டாரைச் சாதாரண விஎஃப்டியில் மாட்டிவிடாதீர்கள். சக்‌ஷன் லைனில் (எவாபரேட்டரிலிருந்து கம்ப்ரசருக்குப் போகும் குழாயில்) எவாபரேட்டர் பிரஷர் ரெகுலேட்டர் போடுங்கள். தனக்கு முன்னால் இருக்கும் அழுத்தம் செட் பண்ணிய அளவுக்குக் கீழே இறங்கப் போனால் அது மூடிக்கொள்ளும். ஆனால் ஏறிப்போன அழுத்தத்தை அதனால் இறக்க முடியாது. அதற்கு ஹீட்டரைத்தான் குறைக்க வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள்: எக்ஸ்பான்ஷன் வால்வுக்கு வெப்பநிலையைச் சொல்லும் பல்பும் அழுத்தத்தைச் சொல்லும் ஈக்வலைசர் குழாயும் ரெகுலேட்டருக்கு முன்னால், எவாபரேட்டர் பக்கம் இருக்க வேண்டும். குழாய் போட வசதியாக இருக்கிறதே என்று ஒருமுறை ஈக்வலைசரை ரெகுலேட்டருக்கு அந்தப் பக்கம் இணைத்தேன். அங்கே அழுத்தம் குறைவு, அதை நம்பி வால்வு வாயைத் திறந்தது. திரவம் கம்ப்ரசர் வரை போய், அதன் அடிப்பாகம் வியர்த்து, உள்ளே டக் டக்கென்று சத்தம் கேட்டபோதுதான் உறைத்தது.

இன்னொன்று. ரெகுலேட்டர் மூடும்போது கம்ப்ரசருக்கு வரும் கேஸ் மெலிந்துபோகும், டிஸ்சார்ஜ் சூடு கூடும். எனவே சக்‌ஷன் அழுத்தத்தைத் தனியாகக் குறித்துக்கொண்டு சிஓபி (செலவிட்ட வேலைக்குக் கிடைத்த குளிர்ச்சி) கணக்குப் போடுங்கள்.

கேள்வி: எலெக்ட்ரானிக் வால்வுக்கு ஒரு பிஐடி (தானாகத் திருத்தும் கன்ட்ரோலர்), கம்ப்ரசர் வேகத்துக்கு ஒரு பிஐடி. இரண்டையும் ஆட்டோவில் போட்டால் ரீடிங் ஊஞ்சலாடுகிறது.

ஆடத்தான் செய்யும். வால்வைத் திறந்தால் சூப்பர்ஹீட் இறங்குவதோடு அழுத்தமும் ஏறுகிறது. அதைப் பார்த்து மற்றது வேகத்தைக் கூட்ட, சூப்பர்ஹீட் மறுபடி மாறுகிறது. சூப்பர்ஹீட்டை வால்வுக்கும் அழுத்தத்தைக் கம்ப்ரசருக்கும் ஒதுக்குங்கள். ஒன்றை மேனுவலில் வைத்து மற்றதை ட்யூன் செய்து, பிறகு ஏதாவது ஒன்றை மூன்று நான்கு மடங்கு மந்தமாக்குங்கள். சூப்பர்ஹீட் செட்பாயின்ட்டை 2, 3 டிகிரியில் வைத்திருந்தால் என்ன ட்யூன் செய்தாலும் அடங்காது. 6, 7-க்கு ஏற்றிப் பாருங்கள்.

கேள்வி: கேஜ் 2.5 பார் காட்டுகிறது. எந்த அழுத்தத்தில் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்ற டேபிளில் பார்த்தால் மைனஸ் 4 டிகிரி. காயிலில் ஐஸே இல்லையே?

கேஜில் வளிமண்டல அழுத்தம் சேராது. 1.01 கூட்டி 3.51 பாருக்குப் பாருங்கள், 5 டிகிரி வரும். அந்த இடத்தில் 0.12 பார் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு டிகிரி, அதனால் சென்சாரை எவாபரேட்டர் வெளிவாயிலிலேயே மாட்டுங்கள். கம்ப்ரசர் அருகே மாட்டினால் குழாயில் இழக்கும் அழுத்தமும் கணக்கில் புகுந்துவிடும். ஊட்டியில் லேப் என்றால் கூட்ட வேண்டியது 1.01 இல்லை, சுமார் 0.77.