பிள்ளை இருந்தால் அரசுக்குப் பொறுப்பில்லையா?

இலங்கையின் களுவாஞ்சிக்குடியில் தனியாக வாழும் உங்கள் 68 வயதுப் பெரியம்மாவுக்கு, பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டாலும் வெளிநாட்டில் மகன் இருப்பதால் அரசு எதுவும் செய்யாது என்று உங்களிடம் கூறப்பட்டது சரியன்று. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகளுக்கு விதிக்கிறது; ஆனால் அதே பிரிவு, பிள்ளைகளால் கைவிடப்பட்ட ஆதரவற்ற முதியோருக்கும் தங்குமிட வசதியை அரசே வழங்க வேண்டும் என்கிறது. மகன் இருக்கிறார் என்பதும் மகன் பார்க்கிறார் என்பதும் ஒன்றல்ல.

மகன் முன்பு பணம் அனுப்பிய காலத்து விபரமே குடும்பப் பதிவில் இன்னும் மாறாமல் கிடக்கக்கூடும். கிராம உத்தியோகத்தரிடம் அந்தப் பதிவைக் காட்டும்படி கேளுங்கள். பிழையிருந்தால், பணம் நின்ற மாதத்தைக் குறிப்பிட்டு, வங்கிப் புத்தகப் பிரதியுடன் பிரதேச செயலகத்தின் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுத்து, திகதி முத்திரையிட்ட பிரதியொன்றைக் கட்டாயம் வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னது எந்தக் கோப்பிலும் ஏறாது. சமூக சேவை உத்தியோகத்தரிடம் மாதாந்த உதவிப்பணம் பற்றியும் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் அதைப் ‘பிச்சைச் சம்பளம்’ என்பார்கள். அந்தப் பெயருக்குக் கூசியே பலர் விண்ணப்பிக்காமல் இருந்துவிடுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

ஒன்றைக் கவனியுங்கள்: முதியோர் கொடுப்பனவு என்பது வேறு; அது 70 வயதைக் கடந்த, வருமானம் குறைந்தவர்களுக்கானது, ஆகவே இப்போது அதற்கு விண்ணப்பித்தால் வயதைக் காட்டியே நிராகரிப்பார்கள். மகனிடமிருந்து பராமரிப்புப் பணம் கோர விரும்பினால், அதே சட்டத்தின்கீழ் அமைந்த பராமரிப்புச் சபையிடம் விண்ணப்பிக்கலாம். அந்த முடிவைப் பெரியம்மாவிடமே விடுங்கள்.