வேதகலாபனை: வேலூர்ப் பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

காட்பாடியில் பல வருடம் சரித்திரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். திருச்சபை வரலாறு மட்டும் இன்னும் என்னை விடவில்லை. ஜனவரி 14, வேதசாட்சி தேவசகாயம் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த நாள். அதையொட்டி, கிறிஸ்தவர்கள் அன்றும் இன்றும் பட்ட துன்பங்களைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கத்தோலிக்கப் பெரியவர்கள் இதை ‘வேதகலாபனை’ என்பார்கள், எங்கள் சி.எஸ்.ஐ. பக்கம் ‘உபத்திரவம்’ என்போம். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை நானாகவே விட்டுவிட்டேன்.

ராணிப்பேட்டை, தோல் தொழிற்சாலை ஊழியர்: ஐயா, முதல் 300 வருஷமும் ரோமாபுரியில் நம்மவர்களைச் சிங்கத்துக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள் என்று பிரசங்கத்தில் கேட்டேன். நிஜமா?

அப்படித் தொடர்ச்சியாக நடக்கவில்லை தம்பி. கி.பி. 64 ஜூலையில் ரோம் தீப்பற்றி எரிந்தது. பேரரசன் நீரோ அந்தப் பழியைக் கிறிஸ்தவர்கள் தலையில் போட்டான். நாய்களை ஏவிக் கடிக்கவிட்டதையும், இரவில் விளக்குப் போல எரித்ததையும் ரோமானிய சரித்திர ஆசிரியர் டாசிட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். அவருக்குக் கிறிஸ்தவர்களைக் கண்டாலே ஆகாது. ஆகாதவர் கொடுத்த சாட்சி என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். ஆனால் அது ரோம் நகரத்தோடு முடிந்த கொடுமை.

அதற்குப் பிறகு அங்கங்கே, அவ்வப்போது நடந்தது. 112 வாக்கில் பித்தினியா (இன்றைய துருக்கியின் வடபகுதி) ஆளுநர் பிளினி, "இவர்களை என்ன செய்வது?" என்று பேரரசர் டிராஜனுக்கு எழுதிக் கேட்டார். தேடிப் பிடிக்க வேண்டாம், மொட்டைக் கடுதாசியை ஏற்க வேண்டாம், ஆனால் யாராவது நேரில் குற்றம் சாட்டி, அந்த ஆள் விசுவாசத்தை விடமாட்டேன் என்றால் தண்டிக்கலாம் என்று பதில் வந்தது. அதாவது, அண்டை வீட்டுக்காரனோடு சண்டை வராதவரை உயிருக்குப் பயமில்லை. சண்டை வந்தால் போச்சு. அந்த நிலையிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறார்கள்.

பேரரசு முழுக்க நடந்தவை என்றால் 250-ல் பேரரசர் டேசியஸ், 257, 258-ல் வலேரியன், 303-ல் டயோக்ளீஷியன் காலத்தவை. 260-லிருந்து 303 வரை நாற்பது வருடம் பெரும்பாலும் அமைதி. டயோக்ளீஷியன் தங்கியிருந்த நிக்கோமேதியா நகரில் அரண்மனைக்கு எதிரே தெரிகிற மாதிரி ஆலயமே கட்டியிருந்தார்கள். 303 பிப்ரவரி 23-ல் முதலில் இடித்தது அதைத்தான். 311-ல் பேரரசர் கலேரியஸ் சாகும் தறுவாயில் தடையை நீக்கினார். 313-ல் கான்ஸ்டன்டைனும் லிசினியஸும் மிலானில் முழு உரிமைக்கு ஒப்புக்கொண்டார்கள்.

பிரசங்கத்தில் கூட்டிச் சொன்னால் கேட்கிறவர்களுக்கு உருக்கமாக இருக்கும். ஆனால் ஒரு இடத்தில் கூட்டிச் சொன்னது தெரிந்துவிட்டால், உண்மையிலேயே செத்தவனின் கதையையும் யாரும் நம்பமாட்டார்கள். அது அவனுக்கு நாம் செய்யும் துரோகம்.

குடியாத்தம், பெயர் சொல்ல விரும்பாத சகோதரி: ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறோம். சர்டிபிகேட்டில் ‘இந்து ஆதிதிராவிடர்’ என்றே இருக்கிறது. பிள்ளைகள் படிப்புக்காக மாற்றவில்லை. பயந்து விசுவாசத்தை மறுதலித்தவர்கள் கணக்கில்தான் நாங்களும் வருவோமா?

அம்மா, வந்த கேள்விகளிலேயே என்னைத் தூங்கவிடாத கேள்வி இதுதான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

டேசியஸ் 250-ல் போட்ட உத்தரவு இது: எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும், பலியிட்டதை அதிகாரிகள் முன்னால் உண்ண வேண்டும், அதற்கு ஒரு சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் எகிப்து மணலில் பாப்பிரஸ் தாளில் அப்படியே கிடைத்திருக்கின்றன. "நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டேன், இதற்குக் கையெழுத்துப் போட்டுத் தரவும்" என்கிற தோரணையில் இருக்கும். நம் தாலுகா ஆபீஸ் மனுவைப் படிப்பது போலவே இருக்கும்.

ஏராளமான கிறிஸ்தவர்கள் போய் வரிசையில் நின்றார்கள். இன்னும் சிலர் பலியிடாமலே, லஞ்சம் கொடுத்துத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். கலாபனை ஓய்ந்ததும் அவர்களெல்லாம் அழுதுகொண்டே ஆலயத்துக்குத் திரும்பி வந்தார்கள். ரோமில் நொவேஷியன் என்ற மூப்பர், சேர்க்கவே கூடாது என்றார். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியன், மனம் வருந்தி வருகிறவர்களைக் காலம் பார்த்துச் சேர்க்கலாம் என்றார். அந்தச் சிப்ரியனே 250-ல் ஒளிந்துகொண்டிருந்தவர்தான். அதற்காக ஏச்சும் வாங்கினார். 258 செப்டம்பர் 14-ல் அவரும் தலை வெட்டப்பட்டு மரித்தார். திருச்சபை சிப்ரியன் சொன்ன வழியைத்தான் ஏற்றது.

இப்போது உங்கள் தாளுக்கு வருவோம். 1950-ஆம் வருடத்துப் பட்டியல் சாதியினர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியேதான். தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். இடஒதுக்கீட்டோடு, 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கைவிட்டுப் போகிறது. ஆனால் சேரிக்காரன் என்று பார்க்கிற கண் மட்டும் ஞானஸ்நானம் எடுத்ததால் மாறிவிடுகிறதா? இல்லையே. இதை எதிர்த்து 2004-லிருந்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது. 2022-ல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையமும் போட்டார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவ விசுவாசத்தைப் பின்பற்றிக்கொண்டே சலுகைக்காக இந்து என்று சான்றிதழ் கேட்பது அரசியலமைப்புச் சட்டத்துக்குச் செய்யும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆகவே விவரம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

உயிருக்கு ஆபத்தில்லாததால் இதை டேசியஸின் கலாபனையோடு சமமாக வைக்கமாட்டேன். ஆனால் கும்பிடுகிற சாமியா, பிள்ளையின் படிப்பா, ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஒரு தாளை ஏழையின் முன் நீட்டுவது அநியாயம். சாதிக்கொரு கல்லறை வைத்திருக்கிற நம் சபைகளுக்கு உங்களை மறுதலித்தவர் என்று சொல்ல வாயே கிடையாது. நீங்கள் மறுதலித்தவர் இல்லை அம்மா.

ஆம்பூர், கல்லூரி மாணவர்: நம் தமிழ்நாட்டு வேதசாட்சிகள் மதத்துக்காகத்தான் கொல்லப்பட்டார்களா, அரசியலா?

இரண்டும் கலந்ததுதான் தம்பி. போர்த்துகீசிய குரு அருளானந்தர் 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் வெட்டப்பட்டார். மறவர் சீமைத் தலைவர் தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவியோடு இருப்பேன் என்று மற்றவர்களை அனுப்பிவிட்டார். அதில் ஒருவர் ராமநாதபுர மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அரண்மனைக் கோபம் குருவின் மேல் திரும்பியது. அனுப்பப்பட்ட அந்தப் பெண்களின் பக்கத்து நியாயத்தை யாரும் எழுதி வைக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் உறுத்தல்.

நட்டாலத்துத் தேவசகாயம் திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். டச்சுப் படைத்தலைவர் டி லனாய் விவிலியத்து யோபுவின் கதையைச் சொல்ல, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். மார்த்தாண்ட வர்மா காலத்தில் கைதாகி, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகப்பட்டு, 1752-ல் காற்றாடிமலையில் சுடப்பட்டார். சாதி பாராமல் எல்லோரோடும் பழகியதும் அவர் மேல் வந்த கோபத்துக்கு ஒரு காரணம். 2022 மே 15-ல் புனிதராக அறிவித்தபோது, பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தை வத்திக்கான் விட்டுவிட்டது. சரியான காரியம்.

வேலூர், கோட்டை அருகே கடை வைத்திருக்கும் பாய்: சார், தப்பா நினைக்காதீங்க. ஆண்டதே கிறிஸ்தவ வெள்ளைக்காரன்தானே? 1806-ல் இந்தக் கோட்டையில் நடந்தது என்ன?

இதில் தப்பா நினைக்க ஒன்றுமில்லை பாய், கேட்க வேண்டிய கேள்வி. 1806 ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தார்கள். நெற்றியில் நாமமோ திருநீறோ கூடாது, கடுக்கன் கூடாது, தாடியைத் திருத்து, புதுத் தலைப்பாகை போடு என்று கிழக்கிந்தியக் கும்பினி உத்தரவிட்டிருந்தது. அடுத்து எல்லோரையும் கிறிஸ்தவனாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு பரவியது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நூற்றுக்கும் மேல் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து, அன்றைக்கே நூற்றுக்கணக்கான இந்தியச் சிப்பாய்களைக் கொன்று தீர்த்தார். இதைக் கிறிஸ்தவர்கள் பட்ட உபத்திரவம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தன் அடையாளத்தைப் பிடுங்குகிறார்கள் என்ற பயத்தில் வெடித்த எழுச்சி அது.

கோவாவையும் சொல்லிவிடுகிறேன். 1560-ல் அங்கே வந்த போர்த்துகீசியரின் மத விசாரணை மன்றம், இடையில் சில வருடம் போக, 1812 வரை இருந்தது. யூத வழிவந்த கிறிஸ்தவர்களும், பழைய வழக்கத்தை விடாத இந்துக்களும் அதில் மாட்டினார்கள். 1599-ல் போர்த்துகீசியப் பேராயர் கூட்டிய உதயம்பேரூர் சங்கம் கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களின் ஏடுகளைக் குற்றம் சாட்டி எரிக்கவைத்தது. பொறுத்துப் பொறுத்து, 1653-ல் மட்டாஞ்சேரியில் சிலுவையில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்து போர்த்துகீசியர் தலைமையிலிருந்து பிரிந்தார்கள் அந்த ஜனங்கள். கிறிஸ்தவனைக் கிறிஸ்தவனே வதைத்த கணக்கையும் நாம்தான் எழுதியாக வேண்டும்.

வேலூர், நர்சிங் மாணவி: வாட்ஸப்பில் தலை வெட்டும் வீடியோ, ‘வருஷத்துக்கு ஒரு லட்சம் இரத்தசாட்சிகள்’ என்ற செய்தி எல்லாம் வருகிறது. நம்பலாமா சார்?

அந்த ஒரு லட்சத்தை நம்பாதேம்மா. காங்கோ உள்நாட்டுப் போரில் செத்தவர்களில் பெரும்பகுதியைச் சேர்த்துப் போட்ட கணக்கு அது. வீடியோவை யாருக்கும் அனுப்பாதே. எந்த ஊர், எந்த வருடம் என்று இல்லாமல் வந்தால் அழித்துவிடு.

நிச்சயமாக நடந்தவற்றைச் சொல்கிறேன். 2015 பிப்ரவரியில் லிபியாக் கடற்கரையில் ஐஎஸ் பயங்கரவாதிகள் கொன்ற 21 பேரில் 20 பேர் எகிப்தின் பழைய கோப்துத் திருச்சபையைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள், ஒருவர் கானா நாட்டவர். 2014-ல் இராக்கின் மோசூல் நகரத்துக் கிறிஸ்தவர் வீடுகளில் ‘நஸ்ரானி’ (கிறிஸ்தவர்) என்பதன் முதல் எழுத்தான அரபி ‘நூன்’ எழுத்தை எழுதி அடையாளம் வைத்து விரட்டினார்கள். பாகிஸ்தானில் ஆசியா பீபி என்ற கிறிஸ்தவப் பெண் தெய்வநிந்தனைக் குற்றச்சாட்டில் 2009-லிருந்து சிறையில் கிடந்து, 2018-ல் விடுதலையானார். அவருக்காகப் பேசிய அமைச்சர் ஷாபாஸ் பட்டியை 2011 மார்ச்சில் சுட்டுக் கொன்றார்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் காலையில் இலங்கையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் சபை ஆகிய மூன்றிலும் குண்டு வெடித்தது. ஓட்டல்களையும் சேர்த்து 260 பேருக்கும் மேல் போனார்கள். மட்டக்களப்பில் செத்ததில் பலர் ஞாயிறு பள்ளி முடித்து வந்த தமிழ்ப் பிள்ளைகள். இதற்கு மேலும் கூட்டிச் சொல்ல என்ன தேவை இருக்கிறது?

மணிப்பூர் கலவரம் மதக் கலவரமா? (அரக்கோணத்திலிருந்து)

மூலம் இனச் சண்டை. 2023 மே 3-ல், பெரும்பாலும் இந்துக்களான மெய்தி மக்களுக்கும் பெரும்பாலும் கிறிஸ்தவர்களான குக்கி மக்களுக்கும் இடையே மூண்டது. நிலமும் பழங்குடி அந்தஸ்தும் அடிப்படை. ஆனால் நூற்றுக்கணக்கில் ஆலயங்கள் எரிந்தன. மெய்தி கிறிஸ்தவர்களின் ஆலயங்களை மெய்திகளே எரித்ததை இனச் சண்டை என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது.

கரிகிரி, தொழுநோய்ப் பணியில் இருந்த பெரியவர்: ஸ்டெயின்ஸ் பற்றி இளையவர்களுக்கு எழுதுங்கள்.

கட்டாயம் ஐயா. கிரகாம் ஸ்டெயின்ஸ் ஆஸ்திரேலியாக்காரர். ஒடிசாவின் பாரிபடாவில் முப்பது வருடத்துக்கும் மேல் தொழுநோயாளிகளுக்கு ஊழியம் செய்தார். 1999 ஜனவரி 22 இரவு, மனோகர்பூர் கிராமத்தில் ஜீப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவரையும், 10 வயது பிலிப்பையும், 6 வயது திமோத்தியையும் ஒரு கும்பல் உயிரோடு எரித்தது. மனைவி கிளாடிஸ் மன்னித்தேன் என்றார். ஊருக்குக் கிளம்பிப் போய்விடாமல், அந்தத் தொழுநோய் இல்லத்திலேயே பல வருடம் இருந்து வேலை செய்தார். தொழுநோயாளியின் காலைக் கழுவிக் கட்டுப் போட்டவர் நீங்கள். அந்த மன்னிப்பின் எடை எங்களைவிட உங்களுக்குத் தெரியும்.

அதே ஒடிசாவில், 2008 ஆகஸ்ட் 23-ல் விசுவ இந்து பரிஷத் தலைவர் சுவாமி லட்சுமணானந்தர் கொல்லப்பட்டார். கொலைக்குப் பொறுப்பேற்றது மாவோயிஸ்டுகள். பழிவாங்கப்பட்டது கந்தமால் மாவட்டத்துக் கிறிஸ்தவர்கள். 50,000 பேருக்கும் மேல் வீடிழந்து காட்டிலும் முகாமிலும் கிடந்தார்கள்.

ஆற்காடு பக்கம் கிராமத்தில் வீட்டு ஜெபம் நடத்தும் போதகர்: சில பேர் வந்து கூட்டத்தை நிறுத்தச் சொல்கிறார்கள். என்ன செய்ய?

முதலில் வாக்குவாதம் வேண்டாம், கைகலப்பு கூடவே கூடாது. வந்தவர்கள் யார், எத்தனை மணி, என்ன சொன்னார்கள் என்பதை அன்றே எழுதி வையுங்கள். அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. சட்டப்படி நடக்கும் வழிபாட்டைக் குலைப்பது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 300-ஆம் பிரிவில் குற்றம். எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, மனு ஏற்பு ரசீது இல்லாமல் ஸ்டேஷனைவிட்டு வராதீர்கள். வாங்க மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-லேயே விலக்கப்பட்டது, அதைக் காட்டி மிரட்டினால் பயப்பட வேண்டாம்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள் ஐயா. ஒலிபெருக்கியை அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவில்லாமல் வையுங்கள். அவர்கள் சாமியைப் பற்றி ஒரு சொல்லும் இழிவாகப் பேசாதீர்கள்.

வாலாஜா, ஞாயிறு பள்ளிச் சிறுமி: தாத்தா, அவங்களுக்கெல்லாம் பயமா இருக்காதா?

இருக்கும் கண்ணு. 203-ல் கார்த்தேஜில் பெர்பெத்துவா என்று ஒரு அக்கா இருந்தாங்க, 22 வயசு. கைக்குழந்தைக்காரி. சிறையில் தானே எழுதி வெச்சாங்க: உள்ளே ஒரே இருட்டு, பயந்துபோனேன், குழந்தையை நினைச்சு வேதனைப்பட்டேன்னு. குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்ததும் சிறையே அரண்மனை மாதிரி ஆயிடுச்சாம். அவங்க அப்பா காலைப் பிடிச்சு அழுதார். அது அவங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது. பயமும் அழுகையும் வரத்தான் செய்யும்மா.

மறுபடி குடியாத்தம் சகோதரி: ஒளிந்தே வாழ்ந்தவர்களைத் திருச்சபை எங்காவது நினைத்துப் பார்த்திருக்கிறதா?

ஜப்பானைச் சொல்கிறேன் அம்மா. 1597-ல் நாகசாகியில் 26 பேரைச் சிலுவையில் அறைந்தார்கள். அதில் ஒருவர் நம் மும்பைக்குப் பக்கத்து வசாய் என்ற ஊரில் பிறந்த கொன்சாலோ கார்சியா. 1614-ல் நாடு முழுக்கத் தடை வந்தது. வருடா வருடம் ஊர் மணியக்காரர் வீட்டில் இயேசு, மாதா உருவம் பதித்த பலகையைத் தரையில் போட்டு மிதிக்கச் சொல்வார்கள். மிதித்தார்கள் அம்மா. மிதித்துவிட்டு வீட்டுக்குப் போய், பாவத்துக்கு மன்னிப்புக் கேட்கும் மனஸ்தாப ஜெபம் சொன்னார்கள். குரு கிடையாது, ஆலயம் கிடையாது. ஊருக்கு ஒருவர் நாள்காட்டியைக் காத்தார், ஒருவர் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். இப்படியே 200 வருடத்துக்கும் மேல் ஓடியது.

1865 மார்ச் 17-ல், வெளிநாட்டவருக்காகப் புதிதாகக் கட்டிய ஓவுரா ஆலயத்துக்கு உரகாமி கிராமத்துக் குடியானவர்கள் சிலர் வேடிக்கை பார்க்கிற மாதிரி வந்தார்கள். ஒரு பெண் பிரெஞ்சுக் குருவின் பக்கத்தில் வந்து, எங்கள் இருதயமும் உங்கள் இருதயமும் ஒன்றுதான் என்று காதோடு சொல்லிவிட்டு, மாதா சுரூபம் எங்கே என்று கேட்டாள். வெளியே தெரிந்ததும் மறுபடி கலாபனை வந்தது. 3,000 பேருக்கும் மேல் ஜப்பானுக்குள்ளேயே தூர தூரச் சீமைகளுக்குக் கடத்தப்பட்டு, 600 பேருக்கும் மேல் அங்கேயே செத்தார்கள். 1873-ல் தடை நீங்கி, மிச்சமிருந்தவர்கள் ஊர் திரும்பினார்கள்.

திரும்பியவர்கள் காசு சேர்த்து ஒரு மனை வாங்கினார்கள். தங்கள் பாட்டன் பூட்டன் வருடா வருடம் வரிசையில் நின்று அந்தப் பலகையை மிதித்த மணியக்காரர் வீட்டு மனை அது. ஆலயத்தை அங்கேதான் கட்டினார்கள்.