யாகூவிலிருந்து எழுதினால் ஜிமெயில்காரர்களுக்குப் போகவில்லையா? தனி ஐபி வாங்காதீர்கள்

கேள்வி: எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்குச் சொந்த டொமைன் இருக்கிறது. சிபேனல் என்ற நிர்வாகப் பக்கம் உள்ள ஹோஸ்டிங்கில் மெயில்மேன் என்ற மடற்குழு மென்பொருளை வைத்து 340 பேருக்கு மடற்குழு நடத்துகிறோம். யாகூ முகவரி வைத்திருக்கும் மூத்தவர்கள் எழுதும் மடல்கள் ஜிமெயில் உறுப்பினர்களுக்குப் போவதில்லை. போன வாரம் நூற்றுக்கும் மேற்பட்டோரின் உறுப்பினர் கணக்கு தானாகவே முடங்கிவிட்டது. ஹோஸ்டிங் எடுத்துக் கொடுத்த ஏஜென்ட், தனி ஐபியும் (மடல் அனுப்பும் சர்வருக்கு உங்களுக்கென்றே ஓர் எண் முகவரி) 'இன்பாக்ஸ் கியாரண்டி' பேக்கேஜும் சேர்த்து வருடத்துக்கு 18,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா? – சங்கச் செயலாளர், திருநெல்வேலி

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் கோளாறுக்கும் ஐபிக்கும் சம்பந்தமே இல்லை.

திரும்பி வந்த மடல் ஒன்றைத் திறந்து பாருங்கள். 550 5.7.26 என்ற எண்ணும் பக்கத்திலேயே டிமார்க் என்ற சொல்லும் இருக்கும். போலி அனுப்புநர் முகவரிகளைத் தடுக்கும் ஏற்பாடு அது. 2014 ஏப்ரலில் யாகூ ஓர் அறிவிப்பை டிஎன்எஸ் என்ற டொமைன்களின் பொதுப் பதிவேட்டில் போட்டது. 'எங்கள் முகவரியைச் சொல்லிக்கொண்டு வரும் மடல் எங்கள் சர்வரிலிருந்து வரவில்லை, எங்கள் டிஜிட்டல் கையெழுத்தும் சரியாக இல்லை என்றால் வாசலிலேயே திருப்பிவிடுங்கள்' என்பது அதன் சாரம். உங்கள் மடற்குழு யாகூ மடலை வாங்கி, தலைப்பில் சங்கத்தின் பெயரை ஒட்டி, அடியில் நாலு வரி சேர்த்து, உங்கள் சர்வரிலிருந்து அனுப்புகிறது. ஒரு எழுத்து மாறினாலும் கையெழுத்து செல்லாது. யாகூ சொன்னபடி ஜிமெயில் திருப்பிவிடுகிறது. மடற்குழுக்கள் பல வருடங்களாகச் செய்துவந்த சாதாரண வேலையை ஒரே நாளில் குற்றமாக்கிவிட்டு, சரிசெய்யும் பாரத்தை உங்களைப் போன்ற செயலாளர்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.

இதில் அநியாயம் என்னவென்றால், தண்டனை எழுதியவருக்கு இல்லை, மடலைப் பெற முடியாமல் போனவருக்கு. மடல் ஒருவரிடமிருந்து திரும்பினால் மெயில்மேன் அவர் பெயரில் ஒரு புள்ளி ஏற்றும். ஒரு நாளைக்கு ஒரு புள்ளிதான். ஐந்து சேர்ந்தால் கணக்கு முடங்கும். ஏழு நாள் எதுவும் திரும்பாமல் இருந்தால்தான் பழைய புள்ளி அழியும். யாகூக்காரர் ஒருவர் தொடர்ந்து ஐந்து நாள் எழுதினாலே போதும்.

முதலில் உங்கள் டொமைனைச் சரிபாருங்கள். சிபேனலில் 'ஈமெயில் டெலிவரபிலிட்டி' பக்கத்தில் எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (மடலில் இடும் டிஜிட்டல் கையெழுத்து) இரண்டும் பச்சையாக இருக்க வேண்டும். டிஎன்எஸ் வேறு இடத்தில் இருந்தால் 'ரிப்பேர்' பொத்தானை அழுத்திப் பயனில்லை. அங்கே காட்டும் வரிகளை நகலெடுத்து அந்த இடத்தில் கையால் போட வேண்டும். எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான். ஏற்கெனவே ஒன்று இருக்க இரண்டாவதைச் சேர்த்தால் இரண்டுமே செல்லாது. பழையதிலேயே புதியதைச் சேர்த்து எழுதுங்கள்.

பிறகு 'மெயிலிங் லிஸ்ட்ஸ்', 'மேனேஜ்', 'பிரைவசி ஆப்ஷன்ஸ்', 'சென்டர் ஃபில்டர்ஸ்' என்று உள்ளே போங்கள். டிமார்க் கொள்கை உள்ள டொமைனிலிருந்து யாராவது எழுதினால் என்ன செய்வது என்று கேட்கும் இடத்தில் 'மஞ்ச் ஃப்ரம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி யாகூக்காரர் மடல் 'இன்னார் வயா சங்கம்' என்ற பெயரில், குழுவின் முகவரியிலிருந்து போகும். இதில் ஒரு வம்பு உண்டு: சிலருடைய முகவரிப் புத்தகத்தில் அந்த ஆளின் பெயருக்கு நேரே குழுவின் முகவரி ஏறிவிடும். ஆறு மாதம் கழித்து அவருக்கு மட்டும் எழுதுவதாக நினைத்து 340 பேருக்கும் வீட்டு விஷயத்தை அனுப்புவார். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, நிதானமாகப் படியுங்கள். மடலில் எதையுமே தொடாவிட்டால் யாகூவின் கையெழுத்து உடையாது. அப்போது அனுப்புநர் பெயரை மாற்றவும் தேவையில்லை. எதையுமே என்றால் எதையுமேதான். தலைப்பு முன்னொட்டு காலியாக இருக்க வேண்டும். அடிக்குறிப்பு காலி, அது 'நான்-டைஜஸ்ட்' பக்கத்தில் இருக்கிறது, நீங்கள் எதுவும் எழுதாமலே வந்து உட்கார்ந்திருக்கும். இணைப்புகளை உருவும் கண்டென்ட் ஃபில்டரிங் அணைந்திருக்க வேண்டும். பதில் குழுவுக்கே போகும்படி 'ரிப்ளை-டு'வை மாற்றினாலும் சில கையெழுத்துகள் உடையும். போதாததற்கு, ஹோஸ்டிங்காரர் கையெழுத்துத் தலைக்குறிப்புகளையே நீக்கும்படி மெயில்மேனை அமைத்திருந்தால் இந்த வழி அடைபட்டது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் அது உங்கள் கையில் இல்லை. இத்தனையும் கைகூடினாலும், சந்தா விவரம் அடியில் இருந்தால் நல்லது என்று அடுத்த செயலாளர் நாலு வரி சேர்ப்பார், அன்றே பழைய கதை. 'மஞ்ச் ஃப்ரம்' போதும்.

முடங்கிய கணக்குகளை இதற்கெல்லாம் பிறகுதான் திறக்க வேண்டும். 'மெம்பர்ஷிப் மேனேஜ்மென்ட்' பட்டியலில் 'நோமெயில்' கட்டத்தில் பி (B) என்ற எழுத்தோடு டிக் இருப்பவர்கள் அவர்கள். டிக்கை எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியாக 'சப்மிட்' அழுத்த வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் தள்ளிப்போட்டால் வாரம் ஒன்றாக மூன்று எச்சரிக்கை அனுப்பிவிட்டு மெயில்மேன் அவர்களைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடும்.

கடைசியில் ஒரு யாகூக்காரரை எழுதச் சொல்லி, ஜிமெயிலில் வந்ததும் மூன்று புள்ளியைத் தட்டி 'ஷோ ஒரிஜினல்' பாருங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் 'பாஸ்' வர வேண்டும். ஒரு நாளில் ஜிமெயிலுக்கு 5,000 மடல் போனால் மொத்தமாக அனுப்புபவர் என்ற முத்திரை விழும் என்பது 2024 பிப்ரவரியிலிருந்து விதி, ஒருமுறை விழுந்தால் அந்த முத்திரை பிறகு அழியாது. பொங்கலன்று 15 பேர் குழுவுக்கே வாழ்த்து அனுப்பினால் 340 பெருக்கல் 15, மொத்தம் 5,100; உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஜிமெயில்காரர்கள் என்றால் எல்லை நெருங்கிவிடும். வாழ்த்துகளை நேரடியாக அனுப்பச் சொல்லுங்கள்.

இனி ஏஜென்ட். இன்பாக்ஸில் போடுவதா ஸ்பேமில் போடுவதா என்பதை வாங்குகிற சர்வர் முடிவுசெய்கிறது. விற்பவர் கையில் அது இல்லை. கியாரண்டி என்று எவர் சொன்னாலும் பொய். தனி ஐபி உங்களுக்கு நஷ்டம்கூட: புது ஐபிக்கு நற்பெயர் கிடையாது, குறைவாகவே மடல் அனுப்பும் சங்கத்தால் அதைச் சம்பாதிக்கவும் முடியாது. இதே ஆட்கள் 'இரண்டு லட்சம் முகவரி' பட்டியலையும் நீட்டுவார்கள். ஒன்றைக்கூடக் குழுவில் ஏற்றாதீர்கள். ஸ்பேம் புகார் உங்கள் டொமைன் பெயரில்தான் ஏறும்.

அவர் கேட்கும் பணத்தைவிட எனக்குக் கவலை வேறு. டொமைன் யார் பெயரில் இருக்கிறது? ஏஜென்ட்கள் தங்கள் கணக்கிலேயே பதிவுசெய்து வைத்துக்கொண்டு, பேக்கேஜ் வேண்டாம் என்றதும் டொமைனைத் தர மறுப்பது தெரிந்த கதை. அப்புறம் பதிவாளருக்கு, அதாவது டொமைனைப் பதிவுசெய்து தரும் நிறுவனத்துக்கு, எழுதினால், கணக்கு வைத்திருப்பவரைக் கேளுங்கள் என்று பதில் வரும். கணக்கு வைத்திருப்பவரே அந்த ஏஜென்ட்தானே! ஆகவே 18,000 பற்றிப் பேச்சே எடுக்காமல், முதலில் டொமைனைச் சங்கத்தின் பெயரில் உள்ள பதிவாளர் கணக்குக்கு மாற்றி வாங்குங்கள். அந்தக் கணக்குக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் இதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் பாஸ்வேர்டு மாற்றும் மடலும் வந்து சேராது.