நான்காவது குழியும் ஏழாவது குழியும் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். எங்கள் ஊரை ஒட்டியிருந்த ரப்பர்த் தோட்டம் பிறகு செம்பனையாகி, இப்போது அதில் ஒரு பகுதி வீடமைப்புப் பகுதியாகவும் மீதி பதினெட்டுக் குழி, அதாவது பந்தைத் துளையில் சேர்க்கும் பதினெட்டு ஆட்டப் பகுதிகள் கொண்ட, கோல்ப் மைதானமாகவும் மாறியிருப்பதை நீங்கள் அறிவீர்கள். என் அப்பா அங்கே பால்மரம் வெட்டியவர். தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கும் நான் உடன் பணிபுரிபவர்கள் அழைத்ததால் இந்த ஆட்டத்தைப் பழகினேன். என் ஹேண்டிகேப் 22, அதாவது தேர்ந்த ஆட்டக்காரரைவிட ஒரு சுற்றுக்குச் சுமார் 22 அடிகள் கூடுதலாகத் தேவைப்படுபவன். நண்பர்கள் எல்லாரும், ‘7,000 கெஜத்துக்கு மேல் நீளம், பாதிக் குழிகளில் தண்ணீர், கெட்டிக்காரர்களே திணறுகிறார்கள், ஆகவே இது முதல்தர மைதானம்’ என்கிறார்கள். நானோ பந்துகளைத் தொலைத்துவிட்டுச் சலிப்போடு வீடு திரும்புகிறேன். ஆனால் நான்காவது குழி மட்டும் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஏழாவது குழிக்கு வந்தாலே கை நடுங்குகிறது. ஒரு மைதானம் நன்றாக அமைந்திருக்கிறதா என்பதை எதை வைத்துச் சொல்வது? என்னைப் போன்ற சுமாரான ஆட்டக்காரன் அதைச் சொல்லலாமா?

ம., பேராக்

அன்புள்ள ம.,

தாராளமாகச் சொல்லலாம். ஒரு மைதானத்தின் அமைப்பை எடைபோட உங்களைப் போன்றவர்களின் அனுபவம்தான் முதலில் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நேராகவும் தொலைவாகவும் அடிக்கத் தெரிந்தவர் மோசமான அமைப்பையும் தன் திறமையால் கடந்துவிடுவார். அமைப்பாளர் சிந்தித்தாரா இல்லையா என்பது, சிந்தித்து ஆட வேண்டிய கட்டாயத்தில் இருப்பவருக்கே முதலில் தெரியும்.

உங்கள் நண்பர்கள் கடினத்தைத் தரமாக எடுத்துக்கொள்கிறார்கள். கடினத்தை அளக்கத் தனியாக ஓர் அளவுகோல் இருக்கிறது. 2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில் ஒவ்வொரு மைதானத்துக்கும் ‘ஸ்லோப்’ என்ற எண் 55 முதல் 155 வரை தரப்படுகிறது. 113 நடுத்தரமாகக் கொள்ளப்படுகிறது. தேர்ந்த ஆட்டக்காரரோடு ஒப்பிடும்போது சுமாரான ஆட்டக்காரருக்கு அந்த மைதானம் எவ்வளவு கூடுதலாகக் கடினமாகிறது என்பதை அது சொல்கிறது. அதற்குமேல் எதையும் சொல்வதில்லை. குளம் வெட்டியும், முதல் அடியை அடிக்கும் இடமான டீயைப் பின்னால் தள்ளியும், ஓரப் புல்லை வளரவிட்டும் அந்த எண்ணை யாரும் ஏற்றிவிடலாம். ஆட்டக்காரர் நின்று, பார்த்து, ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கும்படி ஒரு குழியை அமைப்பதுதான் அரிது. நான்காவது குழி உங்களுக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அதுவே.

அந்தக் குழியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஏறத்தாழ 370 கெஜம், பார் நான்கு, அதாவது தேர்ந்தவர் நான்கு அடிகளில் முடிக்க வேண்டியது. இடப்பக்கம் தோட்டக் காலத்து ஓடை, துளை இருக்கும் குட்டைப் புல்தரையான கிரீன் வரை கூடவே வருகிறது. வலப்பக்கம் மலைச்சரிவு, ரப்பர் நடுவதற்காக அன்று வெட்டிய படிகளை இயந்திரத்தால் வழித்தெடுக்காமல், புல் மட்டும் பரப்பி அப்படியே விட்டிருக்கிறார்கள். கிரீனின் வலது முன்பக்கம் ஆழமான ஒரு பங்கர், அதாவது மணல் பள்ளம், இருக்கிறது. ஓடைக்குப் பயந்து முதல் அடியை வலப்பக்கம் அடித்தால் பந்து பத்திரமாக இருக்கும். ஆனால் அது படியின் சரிவில், நம் காலைவிட உயரத்தில் கிடக்கும். வலக்கை ஆட்டக்காரர் அப்படிக் கிடக்கும் பந்தை அடித்தால் அது இடப்பக்கம், அதாவது ஓடையை நோக்கி, வளையும்; நேரே அடிக்க முயன்றாலோ பங்கரைத் தாண்டியாக வேண்டும். துணிந்து ஓடையை ஒட்டி அடித்தவருக்குச் சமதளமான இடமும் கிரீனுக்குத் திறந்த வழியும் கிடைக்கின்றன. இரண்டும் வேண்டாம் என்பவர் கிரீனுக்கு முன்னால் இடது மூலையில் இருக்கும் தாழ்ந்த புல்வெளிக்கு இரண்டாவது அடியில் வந்து, மூன்றாவதை மெல்லத் தட்டிவிட்டு ஐந்தில் முடிக்கலாம். யாருக்கும் வழி அடைக்கப்படவில்லை; எந்த வழியும் இலவசமாகவும் கிடைப்பதில்லை.

இந்த முறை பழையது. அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் மைதானத்தை, கடற்கரையிலிருந்து வெகுதூரத்தில், முன்பு மரக்கன்றுகள் வளர்த்த நாற்றங்காலாக இருந்த நிலத்தில், மைதான அமைப்பாளர் அலிஸ்டர் மெக்கென்சியும் ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸும் அமைத்தார்கள். 1934 முதல் அங்கே மாஸ்டர்ஸ் என்ற புகழ்பெற்ற போட்டி நடக்கிறது. அதன் பதின்மூன்றாவது குழியில் இடப்பக்கமாக ஓர் ஓடை வந்து கிரீனுக்கு முன்னால் குறுக்கே திரும்புகிறது. ஓடையை ஒட்டி அடித்தவருக்குத் தூரமும் குறைவு, நிற்கும் இடமும் அதிகம் சரியாது. ஒதுங்கி அடித்தவர் சரிவில் நின்றுகொண்டு, ஓடையைத் தாண்டுவதா வேண்டாமா என்று மறுபடியும் யோசிக்க வேண்டும். நம் ஊர் அமைப்பாளர் இதை அறிந்தே நான்காவது குழியைச் செய்திருப்பார் என்று நினைக்கிறேன். தோட்டத்து ஓடையையும் படிகளையும் அவர் காப்பாற்றியது அழகுக்காக மட்டுமன்று. அவை இல்லாவிட்டால் அந்தக் குழிக்கு உயிரே இல்லை. உங்கள் அப்பா ஏறி இறங்கிய படிகள் இன்று ஓர் ஆட்டக்காரரின் முடிவைத் தீர்மானிக்கின்றன என்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது.

ஏழாவது குழியில் இந்த எண்ணம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பார் மூன்று, நாம் ஆடும் டீயிலிருந்து 150 கெஜம், டீயின் காலடி முதல் கிரீனின் விளிம்பு வரை குளம், கிரீனுக்குப் பின்னால் பங்கர். காற்றில் பறந்து போய்ச் சேருவதைத் தவிர இங்கே வேறு வழியே இல்லை. தண்ணீரைத் தாண்ட வைப்பது தவறில்லை. தாண்ட முடியாதவருக்கு ஒதுங்க ஓரிடம்கூட இல்லாததுதான் தவறு. இத்தனைக்கும் குளத்தின் இடப்பக்கம் அகலமான நிலம் இருக்கிறது. அதில் அலங்காரப் பனைகளை வரிசையாக நட்டு அடைத்துவிட்டார்கள். உங்கள் கை நடுங்குவது உங்கள் குறையன்று.

உள்நாட்டு மைதானத்துக்கு, அதிலும் நம் மழைக்கு, தண்ணீர் வடிவதும் அமைப்பின் ஒரு பகுதிதான். கடற்கரை மணலில் பந்து விழுந்து உருளும். நம் களிமண்ணில் மதிய மழைக்குப் பிறகு விழுந்த இடத்திலேயே புதையும். டீக்கும் கிரீனுக்கும் நடுவிலுள்ள புல்வழியான ஃபேர்வே ஈரமாக இருந்தால் தரையோடு உருட்டி ஆடும் வழி அடைபடுகிறது. அப்போது நான்காவது குழியின் அந்த மூன்றாவது வழியும் பாதி பயனற்றதாகிவிடும். கிரீன்களைப் பொறுத்தவரை குறையில்லை. அமெரிக்க கோல்ப் சங்கம் 1960இல் வகுத்த முறைப்படி, சரளைக் கல்லின் மேல் சுமார் 30 சென்டிமீட்டர் மணற்கலவை போட்டிருப்பதாகப் பராமரிப்பாளர்கள் சொல்கிறார்கள். மழை நின்ற சற்று நேரத்தில் அவை ஆடத் தயாராகிவிடுவதைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. முதல் ஒன்பது குழிகளின் ஃபேர்வேக்களும் அப்படியே, ஏனென்றால் அங்கே தோட்டத்தின் பழைய கான்களை, அதாவது வடிகால்களை, தூர்க்காமல் ஆழப்படுத்தியிருக்கிறார்கள். பின் ஒன்பதில் நிலத்தைச் சமப்படுத்தி, கான்களை மூடி, வீடுகளுக்கு நடுவே குழிகளைச் செருகியிருக்கிறார்கள். அங்கே கௌ கிராஸ் புல்தரை எப்போதும் சொதசொதவென்று கிடக்கிறது. ஒரு கிரீனிலிருந்து அடுத்த டீக்குப் பகி வண்டி இல்லாமல் போக முடிவதில்லை. பன்னிரண்டு முதல் பதினைந்து வரை எந்தக் குழி எது என்று நினைவில் நிற்பதுமில்லை. அந்தப் பகுதியைப் பற்றி எழுத இதற்குமேல் ஒன்றும் இல்லை.

ஆகவே முதல் ஒன்பதை நல்ல அமைப்பு என்றும், அதில் ஏழாவதைத் திருத்தக்கூடிய பிழை என்றும், பின் ஒன்பதைச் சாதாரணம் என்றும் நான் மதிப்பிடுவேன். ஏழாவதைத் திருத்தப் பெரிய செலவில்லை. இடப்பக்கத்துப் பனைகளில் ஒரு பகுதியை வேறிடத்துக்கு மாற்றி, அந்த நிலத்தைக் குட்டைப் புல்லாக வெட்டி, குளத்தின் இடது கரையில் முன்டீ ஒன்று அமைத்தால் போதும். தேர்ந்தவர் இன்றுபோலவே குளத்தைத் தாண்டட்டும், மற்றவர் கரையோரமாகச் சுற்றி வந்து நான்கில் முடிக்கட்டும். இதை உறுப்பினர்கள் மைதானக் குழுவிடம் எழுத்து மூலம் கேட்கலாம். நீங்கள் கடிதத்தை எழுதுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன்.