சி.ஐ.ஏ.வுக்குள்ளேயே ஒரு கேள்வி கேட்கிற ஆள்

கேள்வி: சி.ஐ.ஏ.வில் நடக்கும் தப்புகளை விசாரிக்க உள்ளேயே ஒரு அதிகாரி இருக்கிறாராமே! கூட வேலை பார்த்தவர்களை அவர் எப்படி விசாரிப்பார்? வெறும் கண்துடைப்புதானே?

பதில்: அப்படித்தான் நானும் நினைத்திருப்பேன், ஜான் ஹெல்கர்சன் என்ற மனிதரைப் பற்றிப் படிக்காமல் இருந்திருந்தால். முனைவர் பட்டம் வாங்கிக் கொஞ்ச காலம் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திவிட்டு, 1970-களின் தொடக்கத்தில் சி.ஐ.ஏ.வில் பகுப்பாய்வாளராகச் சேர்ந்தவர். படிப்படியாக ஏறி பகுப்பாய்வுப் பிரிவுக்கே தலைவரானார். 2002-ல் இன்ஸ்பெக்டர் ஜெனரல் பதவி, அதாவது நீங்கள் கேட்ட அந்த உள் விசாரணை அதிகாரி. முப்பது வருடமாக ஒன்றாக உட்கார்ந்தவர்களின் கோப்பைத் திறந்து பார்க்கிற வேலை!

பதவிக்கு வந்து கொஞ்ச காலத்திலேயே, பயங்கரவாதச் சந்தேகத்தில் பிடித்தவர்களை சி.ஐ.ஏ. வெளிநாடுகளில் அடைத்துவைத்திருந்த ரகசியச் சிறைகளில் நடப்பதைப் பார்த்து மனம் பொறுக்காத ஊழியர்கள் சிலர் அவரிடம் வந்தார்கள். கைதியின் தலைக்கருகே துப்பாக்கியை இழுத்துக் காட்டியது, துளைபோடும் கருவியை ஓடவிட்டு மிரட்டியது என்று எதுவுமே அனுமதி பெற்ற முறை இல்லை. அனுமதி பெற்ற முறைகளோ அதைவிட மோசம். முகத்தில் துணி போட்டுத் தண்ணீர் ஊற்றி மூச்சுத் திணற வைப்பதை, செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டவர் என்று சொல்லப்படும் காலித் ஷேக் முகமது ஒருவருக்கு மட்டும் ஒரே மாதத்தில் 183 தடவை செய்திருந்தார்கள். இந்த எண்ணிக்கை ஹெல்கர்சனின் 2004 மே மாத அறிக்கையிலேயே இருக்கிறது. இப்படி விசாரித்ததால் உடனடியாக நடக்கவிருந்த தாக்குதல் எதுவும் தடுக்கப்பட்டதாக ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் எழுதினார். சில வாரங்களில் சி.ஐ.ஏ. இயக்குநர் ஜார்ஜ் டெனட் அந்த முறைகளை நிறுத்திவைத்தார். (புதிய சட்டக் கருத்துரைகளை வாங்கிக்கொண்டு அப்புறம் திரும்பத் தொடங்கினார்கள், அது வேறு கதை.) பொதுமக்கள் அறிக்கையை ஓரளவாவது படிக்க முடிந்தது 2009 ஆகஸ்டில்தான், அதுவும் வழக்குப் போட்ட பிறகு, பக்கம் பக்கமாகக் கருப்படித்து.

என்னைக் கேட்டால், வெளியாள் ஒருவரால் இதைச் செய்திருக்கவே முடியாது. எந்த அலமாரியில் எது இருக்கும் என்று தெரிய உள்ளே வளர்ந்திருக்க வேண்டும். இன்னொன்று, அந்த வயதில் அவருக்கு அடுத்த பதவி உயர்வு பற்றிய கவலை இல்லை.

கேள்வி: இவ்வளவு எழுதியும் அவரை ஏன் வீட்டுக்கு அனுப்பவில்லை?

பதில்: சட்டம். 1989 வரை இந்த அதிகாரி சி.ஐ.ஏ. இயக்குநரின் கைக்குள் இருந்தவர்தான். ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று அந்தப் பணத்தை நிகரகுவா கிளர்ச்சிக்காரர்களுக்குக் கொடுத்த ஈரான்-கான்ட்ரா ஊழலுக்குப் பிறகுதான் ஜனாதிபதி நியமித்து செனட் (நாடாளுமன்ற மேலவை) ஒப்புதல் தரும் பதவியாக மாற்றினார்கள். நீக்குவதென்றால் ஜனாதிபதிதான் நீக்க வேண்டும், காரணத்தையும் உளவுத்துறையைக் கண்காணிக்கும் நாடாளுமன்றக் குழுக்களிடம் சொல்ல வேண்டும். நாட்டின் பாதுகாப்பைக் காட்டி ஒரு விசாரணையை இயக்குநர் தடுக்கலாம், ஆனால் ஏழு நாளில் அதே குழுக்களுக்கு விளக்கம் கொடுத்தாக வேண்டும்.

அதற்காக விட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். செப்டம்பர் 11 தாக்குதலுக்கு முன்பு நடந்த கோட்டைவிடுதல்களையும் ஹெல்கர்சன் அலசினார். விமானம் கடத்தியவர்களில் இருவரின் பயணத் தகவல் இருந்த செய்திகளை ஐம்பது அறுபது பேர் படித்திருக்கிறார்கள், உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.க்கு அது உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. டெனட் உள்ளிட்ட மேலதிகாரிகளின் பொறுப்பை ஆராய ஒரு குழு போடுங்கள் என்றார். அப்போதைய இயக்குநர் போர்ட்டர் காஸ் மறுத்துவிட்டார். அடுத்து வந்த மைக்கேல் ஹேடன் 2007-ல் இன்னும் ஒரு படி மேலே போய், இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் எப்படி வேலை செய்கிறது என்று ஆராயச் சொன்னார். வேவு பார்ப்பவரையே வேவு! நாடாளுமன்றத்தில் சத்தம் கிளம்பியது. கடைசியில் விசாரிக்கப்படுபவர்களின் குறைகளைக் கேட்க ஒருவரை வைப்பது போன்ற சில மாற்றங்களுக்கு ஹெல்கர்சன் ஒத்துக்கொண்டார். 2009-ல் ஓய்வு பெற்றார்.

கேள்வி: சரி, அவருக்குப் பின்னால் வந்தவர்கள்?

பதில்: டேவிட் பக்லி வந்தார். அந்த ரகசியச் சிறை விவகாரத்தை ஆராய்ந்த செனட் குழுவினர் பயன்படுத்திய கணினிகளுக்குள் சி.ஐ.ஏ. ஊழியர்கள் ஐந்து பேர் முறைகேடாக நுழைந்ததை 2014-ல் உறுதிசெய்தார், இயக்குநர் பிரெனன் மன்னிப்புக் கேட்டார். ஆனால் பிரெனன் அமைத்த குழு, யாருக்கும் தண்டனை வேண்டாம் என்று முடித்துவிட்டது. பக்லி 2015 ஜனவரியில் விலகினார், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னார்கள்.

எனக்கு உறுத்துவது அதற்கப்புறம் நடந்ததுதான். அதிகாரியை நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும், நாற்காலியைக் காலியாக வைத்தால் அப்போது யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செனட் ஒப்புதல் பெற்ற அடுத்த ஆளான ராபின் ஆஷ்டன் வந்தது 2021 ஜூனில். இடைப்பட்ட ஆறு வருடத்துக்கு மேல், மூன்று ஜனாதிபதிகளின் காலத்தில், தற்காலிகப் பொறுப்பு அதிகாரிகளை வைத்தே ஓட்டினார்கள்.