செல்ஃப் அடிக்கிறது, ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அடுத்து எதை மாற்ற வேண்டும்?

பெட்ரோல் கார் செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் சுழல்கிறது, ஆனால் ஸ்டார்ட் ஆவதில்லை, பேட்டரியை மாற்றியும் பயனில்லை, அடுத்து எதை மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். 'எதை மாற்றுவது' என்ற அந்தச் சொல்தான் என்னை எழுத உட்கார வைத்தது. இதே கேள்வியைக் கேட்டுக்கேட்டு நான் மூன்று பாகங்களை மாற்றினேன். மூன்றும் பழுதாகாத பாகங்கள்.

நான் மெக்கானிக் இல்லை. பட்டறையில் பல ஆண்டுகள் கை கறுத்தவர்கள் இதைப் படித்துவிட்டு, ஒரே ஒரு வண்டியை வைத்துக்கொண்டு இவன் பாடம் நடத்துகிறானே என்று நினைக்கக்கூடும். அது நியாயம்தான். ஆனால் அந்த ஒரு வண்டியோடு நான்கு மாதம் மல்லுக்கட்டியவன் என்ற உரிமை எனக்கு உண்டு.

இன்ஜின் வழக்கமான வேகத்தில் சுழல்கிறது என்றால் பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் தம் பங்கைச் செய்துவிட்டன என்று பெரும்பாலும் நம்பலாம். செல்ஃப் மோட்டார் இன்ஜினை நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 முதல் 250 சுற்று வேகத்தில் சுழற்றும். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டுகிற பேட்டரி செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், சுழற்சி மந்தமாவதோடு இன்ஜினை இயக்கும் கணினியும் செயலிழக்கக்கூடும். பேட்டரியைச் சந்தேகிப்பதற்கு அது ஒன்றுதான் காரணம்; புதிய பேட்டரியிலும் நிலை மாறவில்லை என்பதால் அதை நீங்கள் கடந்துவிட்டீர்கள். மீதமிருப்பவை பெட்ரோல், தீப்பொறி, சிலிண்டருக்குள் அழுத்தம், இவை சேர வேண்டிய நேரம் ஆகியவையே. இவற்றில் எது வரவில்லை என்று தெரிவதற்கு முன் எந்தப் பாகத்தை வாங்கினாலும் அது குலுக்கல் சீட்டு வாங்குவது போலத்தான்.

என் வண்டி காலையில் முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆகும். நாற்பது நிமிடம் ஓட்டி, எங்காவது பத்து நிமிடம் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால், செல்ஃப் மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரம் கழித்து ஒன்றுமே நடவாததுபோல் ஸ்டார்ட் ஆகும். பட்டறைக்குக் கொண்டுபோகும் நாளில் சமர்த்துப் பிள்ளையாக நடந்துகொள்ளும். முதல் முறை பேட்டரியை மாற்றினார்கள். இரண்டாம் முறை ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள். மூன்றாம் முறை, நல்வாய்ப்பாக, பட்டறை வாசலிலேயே வண்டி அடம்பிடித்தது. மெக்கானிக் பின்இருக்கைக்கு அடியில் காதை வைத்துக்கொண்டு என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். பெட்ரோல் பம்ப்பின் சத்தம் வரவில்லை. பம்ப் போய்விட்டது என்றார்; டேங்கிலிருந்து அதைக் கழற்றிப் புதியது போட்டார். அதற்குள் இன்ஜின் ஆறிவிட்டிருந்ததால் வண்டி ஸ்டார்ட் ஆனது. இருவரும் மகிழ்ந்தோம்.

அந்த மகிழ்ச்சி ஐந்து நாள் நீடித்தது. ஆறாம் நாள் வண்டி மீண்டும் நின்றபோது, 'உங்களுக்கு ஸ்டார்ட் செய்யத் தெரியவில்லை' என்று தொலைபேசியில் ஒரு பதில் வந்தது. பதினைந்து ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறவனிடம் சொல்லக்கூடிய வாக்கியமா அது? குறை உண்மையானதுதான் என்று நிரூபிப்பதற்காகவே, வண்டி ஸ்டார்ட் ஆகிற காலையில் ஒரு காணொளியும், ஆகாத மாலையில் ஒரு காணொளியும் டேஷ்போர்டு தெரியும்படி கைபேசியில் எடுத்தேன். இரவில் இரண்டையும் மாற்றி மாற்றி ஓடவிட்டபோது வேறுபாடு கண்ணில் பட்டது. காலையில் செல்ஃப் அடிக்கும்போது, இன்ஜினின் சுற்று வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் பூஜ்யத்திலிருந்து ஒரு நூல் அளவு எழுந்து நடுங்கிக்கொண்டிருந்தது. மாலையில், இன்ஜின் அதே வேகத்தில் சுழலும் சத்தம் தெளிவாகக் கேட்டும், முள் படுத்த படுக்கையாகக் கிடந்தது. அதாவது இன்ஜின் சுழல்வது எனக்குத் தெரிகிறது, ஆனால் கணினிக்குத் தெரியவில்லை.

கணினிக்கு அந்தச் செய்தியைச் சொல்வது கிராங்க் சென்சார். பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டுடன் சுழலும் பற்சக்கரத்தின் அருகில் அமர்ந்து, ஒவ்வொரு பல் கடக்கும்போதும் ஒரு மின்துடிப்பை அது அனுப்புகிறது. துடிப்பு வராவிட்டால் இன்ஜின் நின்றிருக்கிறது என்று கணினி கருதி, தீப்பொறியையும், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும், பம்ப்பையும் ஒருசேர நிறுத்தி வைக்கும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் ஏறத்தாழ இரண்டு நொடி பம்ப் ஓடும். அதன்பின் துடிப்பு வந்தால்தான் தொடரும். மெக்கானிக் கேட்காமல் விட்டது அந்த இரண்டு நொடியை. நான் நேராகச் செல்ஃப் அடித்தேன். மோட்டாரின் இரைச்சலில் அந்த முனகல் அமுங்கிப்போனது, பிறகு கணினி பம்ப்பை நிறுத்திவிட்டது. பம்ப் ஓடாததற்குக் காரணம் பம்ப்பே இல்லை என்பது அவருக்கோ எனக்கோ அன்று தோன்றவில்லை.

ஓடும்போது பழுதாகாமல் நிறுத்திய பிறகு பழுதாவது ஏன் என்று சிலர் கேட்கலாம். இன்ஜினை நிறுத்தியதும் கூலண்ட் சுழற்சியும் நின்றுவிடுகிறது. ஆனால் இரும்பில் தேங்கிய வெப்பம் வெளியே கசிந்து, பானெட்டுக்குள் சூடு சில நிமிடங்களுக்கு ஏறிக்கொண்டே போகும். சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச் சுருளில் விரிசல் இருந்தால், அந்தச் சூட்டில் அது விரிந்து இணைப்பு அறுந்துவிடும்; ஆறினால் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை வண்டி நின்றபோது, எட்டும் இடத்தில் இருந்த அந்தச் சென்சாரின் மேல் ஈரத்துணியைச் சுற்றி மூன்று நிமிடம் காத்திருந்தேன். ஸ்டார்ட் ஆனது. பிறகு கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தபோது ஆறிய நிலையில் ஏறத்தாழ 900 ஓம் காட்டியது. ஹேர் டிரையரால் சூடாக்கச் சூடாக்க எண் தடுமாறி, ஒரு கட்டத்தில் இணைப்பே இல்லை என்று காட்டியது. இரண்டு கம்பியுள்ள காந்தச்சுருள் வகைக்குத்தான் இந்தச் சோதனை பொருந்தும். சுருளுக்குப் பதில் மின்னணுச் சில்லால் காந்தப்புலத்தை உணரும் ஹால் வகைச் சென்சாரை ஓம் வைத்து அளக்க முயல வேண்டாம்.

கணினி பதிவு செய்த குறைகளைப் படிக்கும் ஸ்கேனர் போட்டிருந்தால், கிராங்க் சென்சார் பழுதைக் குறிக்கும் பி0335 என்ற குறியீடு வந்திருக்குமே என்று யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: போட்டோம், வரவில்லை. இன்ஜின் நின்றிருப்பதாகவே நம்பும் கணினி, சில வண்டிகளில் எந்தக் குறையையும் பதிவு செய்யாது. எல்லா வண்டியிலும் முள் அசையும் என்றும் நான் சொல்லவில்லை. சிலவற்றில் நல்ல நிலையிலும் 200 சுற்றுக்கு முள் எழுவதில்லை. உங்கள் வண்டியில் எப்படி என்பதை அது ஸ்டார்ட் ஆகும் நாளில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் வண்டிக்கு வருகிறேன். செல்ஃப் அடிக்கும் சத்தம் வழக்கத்தைவிட வேகமாகவும், ஏற்ற இறக்கமின்றி ஒரே சீராகவும் இருந்தால், உடனே கையை எடுத்துவிடுங்கள். வால்வுகளைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு ஒத்திசைத்து இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். பல இன்ஜின்களில் தொடர்ந்து சுழற்றுவது வால்வுகளைப் பிஸ்டனில் மோதவிட்டு வளைப்பதில் முடியும். சத்தம் வழக்கம்போல் இருந்தால், டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டு வடிவ விளக்கு மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் மாற்றுச் சாவியை முயலுங்கள், ஏனெனில் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணாதபோதும் செல்ஃப் அடிக்கும் வண்டிகள் உண்டு. அடுத்து, யாரையும் செல்ஃப் அடிக்கவிடாமல் சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்து அந்த இரண்டு நொடி முனகலைக் கேளுங்கள். அது இல்லையென்றால் முதலில் பம்ப்பின் ஃப்யூஸைப் பாருங்கள், பிறகு அதற்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேயை. ஹாரனுக்கும் அதே எண்ணுள்ள ரிலே இருந்தால் இடம் மாற்றிப் பார்க்கலாம். பெட்ரோல் முள்ளை முழுதாக நம்பாதீர்கள். மிதவை சிக்கிக்கொண்டால் வற்றிய டேங்கும் கால்வாசி காட்டும். பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தால் பிளக்குகள் நனைந்திருக்கும். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடித்தால், பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே விடும். எதைச் செய்தாலும் ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் அடிக்காமல், இடையில் ஒரு நிமிடமாவது மோட்டாரை ஆறவிடுங்கள். பிளக் வயரைக் கையில் பிடித்துத் தீப்பொறி பார்க்கும் பழைய வித்தை மட்டும் வேண்டாம்; அதில் பாய்வது பல்லாயிரம் வோல்ட்.

வண்டி சூடாக இருக்கும்போதுதான் நிற்கிறதா, எப்போதுமேவா என்பதை நீங்கள் எழுதவில்லை. எழுதினால் பதிலைத் திருத்துகிறேன். பட்டறைக்குத்தான் போவது என்றால், வண்டி ஸ்டார்ட் ஆகாத நிலையிலேயே அங்கு பார்க்கச் செய்யுங்கள். ஆறிய வண்டியில் எவ்வளவு திறமையான மெக்கானிக்கும் எதைக் கண்டுபிடிப்பார்? கழற்றிய பாகங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்டபோது, தங்களைச் சந்தேகப்படுவதாக எண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கொடுத்தார்கள். காசு கொடுத்தவனுக்குத் தன் பழைய பாகத்தைக் கேட்க ஏன் இவ்வளவு கூச்சம் இருக்க வேண்டும் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. அந்தப் பழைய பம்ப் நன்றாக உலர்ந்த பிறகு, திறந்த வெளியில் வைத்து, ஒரே ஒரு நொடி பேட்டரியோடு இணைத்துப் பார்த்தேன். ஓடியது.